துலிப் மலர்களைக் கொண்டு வீட்டிலேயே எளிய வசந்தகால அலங்காரம் செய்வது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: ஒரு கட்டு துலிப் மலர்களை வாங்கி, கண்ணாடி ஜாடியில் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தீர்கள், முதல் நாள் நிமிர்ந்து நின்ற பூக்கள் மறுநாளே திசைக்கொன்றாக வளைந்து, மூன்றாம் நாள் தலை கவிழ்ந்துவிட்டன, பயிற்சியோ சிறப்புக் கருவிகளோ இல்லாமல் வசந்தகாலத்துக்கு ஏற்ற எளிய அலங்காரம் ஒன்றை எப்படிச் செய்வது, அதை ஒரு வாரமாவது எப்படிக் காப்பது என்று அறிய விரும்புகிறீர்கள். தண்ணீரில் செப்புக்காசு போடுவது, தண்டில் ஊசியால் குத்துவது, சர்க்கரை கலப்பது ஆகியவை பயன் தருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ரோஜாவையும் கார்னேஷனையும் அலங்கரித்துப் பழகியவர்கள்கூடத் துலிப்பிடம் தடுமாறுவதுண்டு. ரோஜா வைத்த இடத்தில், வைத்த உயரத்தில் நிற்கும். துலிப் அப்படி நிற்பதில்லை. செடியிலிருந்து வெட்டிய பின்னரும் அதன் தண்டு நீள்கிறது. வெளிச்சம் வரும் பக்கம் திரும்புகிறது. சாய்த்து வைத்தால் நுனி மட்டும் மேல்நோக்கி எழுகிறது. அறை வெப்பமானால் இதழ்கள் விரிகின்றன, குளிர்ந்தால் குவிகின்றன. வாடல் என்று நீங்கள் நினைத்த வளைவில் ஒரு பகுதி உண்மையில் வளர்ச்சியாகவே இருந்திருக்கும். ஆகவே, இன்றைக்குப் பார்க்க அழகாயிருக்கிறதா என்பதோடு, நாளை மறுநாள் இந்தப் பூக்கள் எங்கே போய் நிற்கும் என்பதையும் எண்ணி இடம் விட்டு அடுக்க வேண்டும். துலிப் அலங்காரத்துக்கு நான் சொல்லக்கூடிய முதன்மையான விதி இதுதான். கீழே வரும் ஒவ்வொரு குறிப்பும் இதிலிருந்தே பிறக்கிறது.

இந்த வளர்ச்சி எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்வது பயன் தரும். தண்டின் மேற்பகுதியில், கடைசி இலைக்கும் பூவுக்கும் இடைப்பட்ட வெறுந்தண்டே பெரும்பாலும் நீள்கிறது. அங்குள்ள செல்கள் ஜாடித் தண்ணீரை உறிஞ்சி நீள்கின்றன. அதைத் தூண்டுவது ஆக்ஸின் என்னும் தாவர ஹார்மோன். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் விழும்போது, நிழலில் இருக்கும் பக்கத்தில் ஆக்ஸின் கூடுதலாகச் சேர்ந்து அப்பக்கம் வேகமாக நீள்வதால், தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. வகையைப் பொறுத்து ஜாடியில் இருக்கும் நாட்களில் தண்டு சாதாரணமாக 2 முதல் 5 செ.மீ. வரை நீளும், சில வகைகள் அதற்கு மேலும் நீளும். இதழ்களின் அசைவுக்குக் காரணம் வேறு. வெப்பம் கூடும்போது இதழின் உட்புறம் வேகமாக வளர்ந்து இதழை வெளியே தள்ளுகிறது. வெப்பம் குறையும்போது வெளிப்புறம் வளர்ந்து இதழை உள்ளே மடக்குகிறது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இதழ் சிறிதளவு நீண்டுவிடுகிறது. முதல் நாள் முட்டை வடிவில் இறுகியிருந்த பூ, ஐந்தாம் நாள் உள்ளங்கையளவு பெரிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

வளர்ச்சியால் வந்த வளைவையும் நீரின்றி வந்த தொய்வையும் பிரித்தறிய, தண்டை இரு விரல்களுக்கிடையே பிடித்துப் பாருங்கள். வளர்ந்து வளைந்த தண்டு கெட்டியாக இருக்கும். நேராக்க முயன்றால் விறைத்து எதிர்க்கும், சற்று அழுத்தினால் முறிந்தேவிடும். நீர் ஏறாமல் தொய்ந்த தண்டு துவண்டு, விட்ட பக்கம் சாயும். இலைகளும் உடன் தளர்ந்திருக்கும். முதலாவதற்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. இரண்டாவதை எப்படிச் சரிசெய்வது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

வாங்கும்போது முழுமையாக மலர்ந்த பூக்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மொட்டு மூடியிருக்க வேண்டும். ஆனால் அதன் அடியில் பச்சை கொஞ்சம் இருந்தாலும் நுனியிலும் பக்கங்களிலும் உரிய நிறம் தெளிவாக ஏறியிருக்க வேண்டும். முற்றிலும் பச்சையாக இருக்கும் மொட்டை வாங்கினால் கூடுதல் நாள் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவ்வளவு இளமையில் வெட்டிய மொட்டு பல சமயம் நிறம் முழுதும் ஏறாமலேயே நின்றுவிடும். இலைகள் தண்டை ஒட்டி நிமிர்ந்து, மஞ்சள் படராமல் இருப்பதும், கட்டைக் கையில் எடுத்து லேசாக உரசும்போது தண்டுகள் கீச்சென்று ஒலிப்பதும் புதிதாக வெட்டியதற்கான அடையாளங்கள். வகைகளில், முதல் முறை செய்பவருக்கு ட்ரையம்ஃப் வகையைப் பரிந்துரைப்பேன். தண்டு உறுதியானது, நிறங்கள் ஏராளம். பியோனி மலரைப் போல அடுக்கிதழ் கொண்ட வகைகளும், ஓரம் கிழிந்து முறுக்கிய பேரட் வகைகளும் பார்க்க மிகச் செழிப்பானவை என்றாலும் பூவின் கனம் தாங்காமல் விரைவில் சாய்பவை. அவற்றை அந்தச் சாய்வுக்காகவே, தாழ்வான அகன்ற பாத்திரத்தில் வைப்பது பொருத்தம்.

இப்போது, அலங்காரத்தைவிட முக்கியமானது என்று நான் கருதும் பகுதிக்கு வருகிறேன். கொண்டு வந்தவுடன் பூக்களை நேராக ஜாடியில் வைத்துவிடுவதுதான் பெரும்பாலான தொய்வுகளுக்கு மூலகாரணம். தண்ணீரின்றி வந்த தண்டு முதலில் நீர் குடித்து விறைக்க வேண்டும். எந்த வடிவத்தில் இருக்கும்போது விறைக்கிறதோ அந்த வடிவத்திலேயே அது நிற்கும். அதனால் நேராகப் பிடித்து வைத்துக் குடிக்கவிட வேண்டும்.

கட்டைப் பிரித்து ஒவ்வொரு தண்டாக எடுங்கள். அடியில் சில தண்டுகள் வெளிறி, ஏறக்குறைய வெண்மையாக இருப்பதைக் காண்பீர்கள். கிழங்கோடு ஒட்டி மண்ணுக்குள் இருந்த பகுதி அது; கெட்டிப்பட்டிருப்பதால் தண்ணீரை எளிதில் ஏற்றாது. பச்சை தொடங்கும் இடத்துக்கு மேலே கூர்மையான கத்தியால் வெட்டிவிடுங்கள். வெண்பகுதி இல்லாத தண்டிலும் ஒன்று இரண்டு செ.மீ. புதிதாக வெட்டியாக வேண்டும். மழுங்கிய கத்தரிக்கோல் மென்மையான தண்டை நசுக்கி, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். சாய்வாக வெட்டினால்தான் நீர் ஏறும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. சாய்வு வெட்டின் உண்மையான பயன், தண்டின் வாய் ஜாடியின் அடியில் தட்டையாக உட்கார்ந்து அடைபடாமல் இருப்பதே. வெட்டு சுத்தமாக இருப்பதுதான் முக்கியம்.

அடுத்து, தண்ணீருக்குள் அமிழக்கூடிய கீழிலைகளை நீக்குங்கள். இலையின் அடி தண்டைச் சுற்றித் தழுவியிருக்கும். கீழ்நோக்கி இழுத்தால் தண்டின் தோலையும் உரித்துக்கொண்டு வரும் என்பதால், ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு இலையை மெல்லப் பக்கவாட்டில் சுழற்றி எடுப்பது நல்லது. இலை தழுவிய அந்த இடுக்கில் பெரும்பாலும் மணலோ மண்ணோ தங்கியிருக்கும். குழாய் நீரில் கழுவிவிட்டால் ஜாடித் தண்ணீர் கலங்காமல் இருக்கும். மேலிலைகள் எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டாம். சாம்பல் பூத்த அந்தப் பசுமை துலிப்புக்கே உரிய அழகு, அதற்கு இணையான இலையை வேறு செடியிலிருந்து தேட வேண்டியதில்லை.

சுத்தம் செய்த பூக்களைத் தலைகள் ஒரே மட்டத்தில் இருக்குமாறு சேர்த்து, செய்தித்தாளால் இறுக்கமாகச் சுற்றுங்கள். தாள் பூக்களின் தலைக்கு மேல் சற்று நீண்டிருக்கட்டும். அடியில் ஒரு கையளவு தண்டு வெளியே தெரியட்டும், இல்லையெனில் தாள் தண்ணீரில் ஊறிக் கிழியும். இந்தச் சுருளை நிமிர்த்தி, குளிர்ந்த நீர் உள்ள உயரமான பாத்திரத்தில், வெளிச்சமும் வெப்பமும் குறைந்த இடத்தில் இரண்டு மணி நேரமாவது வையுங்கள். இரவு முழுவதும் வைத்தால் இன்னும் நல்லது. இப்போது மட்டும் தண்ணீர் ஆழமாக இருக்கலாம். தாளைப் பிரிக்கும்போது தண்டுகள் நேராக, விறைப்பாக நிற்கும். ஜாடியில் இருக்கும்போதே துவண்டுபோன பூக்களுக்கும் இதுவேதான் சிகிச்சை: எடுத்து, அடியைப் புதிதாக வெட்டி, மறுபடி தாளில் சுற்றி ஆழ்ந்த குளிர்நீரில் நிறுத்தினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

ஜாடியைத் தேர்ந்தெடுக்கும்போது, பூக்கள் நிமிர்ந்து நிற்க வேண்டுமா, வளைந்து வழிய வேண்டுமா என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் ஜாடியின் உயரம் தண்டின் நீளத்தில் பாதியாவது இருக்க வேண்டும், 40 செ.மீ. தண்டுக்கு 20 செ.மீ. ஜாடி. வாய் மிக அகலமாக இருந்தால் பூக்கள் ஓரத்தில் சாய்ந்து நடுவில் வெற்றிடம் விழும். கழுத்து சற்றுக் குறுகி, அடி அகன்ற ஜாடியோ கூஜாவோ இருந்தால் பத்துப் பன்னிரண்டு பூக்கள் தாமாகவே ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். நீங்கள் பயன்படுத்திய ஜாடி நேர்ப்பக்கங்கள் கொண்டு, வாய் அகன்றதாக இருந்திருந்தால், பூக்கள் கலைந்ததில் அதற்கும் பங்குண்டு.

அகன்ற வாயுள்ள ஜாடி மட்டுமே கையில் இருக்கிறதென்றால் கவலைப்பட வேண்டாம். ஜாடியின் விளிம்பை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, ஒளி ஊடுருவும் மெல்லிய ஒட்டுநாடாவை வாயின் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, சதுரக் கட்டங்களாக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றிரண்டு தண்டுகளைச் செருகினால் போதும். விளிம்பில் ஈரம் இருந்தால் நாடா ஒட்டாது. ஒளிபுகாத பாத்திரமானால் கோழிவலைக் கம்பியைத் தளர்வாக உருண்டையாக்கி உள்ளே வைக்கலாம். ஜப்பானிய மலர்க்கலையில் பயன்படும் கென்சான் என்ற முள்தட்டு, தாழ்ந்த தட்டுகளில் துலிப்பை நிறுத்த மிகச் சிறந்தது. மென்மையான தண்டு முட்களில் எளிதாகக் குத்தி நிற்கும். தவிர்க்க வேண்டியது பச்சை நிற ஃபோம் கட்டி. துலிப்பின் குழைவான தண்டு அதில் நுழையும்போதே நசுங்கும், நீர் சீராக ஏறாது. போதாக்குறைக்கு அது மக்காத பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது, உதிர்ந்து நுண்துகள்களாகத் தண்ணீரில் கலக்கும்.

ஜாடியைச் சோப்பு நீரால் கழுவிய பின் குளிர்ந்த தண்ணீரை 8 முதல் 10 செ.மீ. அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். வாய்வரை ஊற்றினால் மென்மையான தண்டின் பெரும்பகுதி நீரில் ஊறி அழுகத் தொடங்கும். அழுகல் பாக்டீரியாக்களைப் பெருக்கும். அவை தண்டின் வாயை அடைக்கும். ஆனால் துலிப் நிறையக் குடிக்கும் மலர் என்பதால், முதல் நாள் மாலையிலேயே நீர்மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும்.

இனி அடுக்கும் முறை. பன்னிரண்டு முதல் பதினைந்து துலிப் மலர்கள், ஒரே நிறத்தில் அல்லது ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு நிறங்களில் இருக்கட்டும். இளஞ்சிவப்பும் பாலாடை வெண்மையும், அல்லது ஆரஞ்சும் மங்கிய மஞ்சளும் போல. எல்லா நிறங்களையும் சேர்த்த கட்டு வண்ணமயமாகத் தெரிந்தாலும், தண்டுகள் வளைந்து கோடுகள் பின்னிக்கொள்ளும்போது கண்ணுக்குக் குழப்பம் தரும்; நிறம் அடங்கியிருந்தால் வளைவுகளின் அழகு தெரியும் என்பது என் கருத்து.

முதல் பூவை இடக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே, தண்டின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை அதன்மேல் சாய்வாக, தலை இடப்பக்கமும் அடி வலப்பக்கமுமாக வையுங்கள். கொத்தைக் கையிலேயே சிறிது திருப்பி, மூன்றாவதையும் அதே சாய்வில் வையுங்கள். ஒவ்வொரு பூவும் ஒரே திசையில் சாய்ந்திருப்பதுதான் இதில் நுட்பம். ஒன்றை மட்டும் எதிர்த்திசையில் செருகினாலும் தண்டுகள் குறுக்கிட்டு முறியும். பத்துப் பூக்கள் சேர்ந்ததும் தண்டுகள் கீழே சுழல்வடிவில் விரிந்து நிற்பதையும், பூக்கள் மேலே இயல்பாக ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருப்பதையும் காண்பீர்கள். நடுவிலுள்ளவை சற்று உயரமாகவும் ஓரத்தில் உள்ளவை இரண்டு மூன்று செ.மீ. தாழ்வாகவும் இருக்கும்படி மெல்ல இழுத்துச் சரிசெய்து, அடிகளை ஒரே மட்டமாக வெட்டி, கொத்தை அப்படியே ஜாடியில் இறக்கிக் கையை விடுங்கள். அது கொஞ்சம் தளர்ந்து விரியும், விரியட்டும்.

அந்த நிலையில் கொத்து சற்று நெருக்கமாகவும் குட்டையாகவும் தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். நீங்கள் விரும்பும் இறுதி உயரத்தைவிட மூன்று செ.மீ. குறைவாகவே வெட்டுங்கள், மீதியை அது தானே வளர்ந்துகொள்ளும். பிற மலர்களோடு சேர்த்து அடுக்கும்போது இது இன்னும் முக்கியமாகிறது. மற்ற மலர்கள் நின்ற இடத்தில் நிற்க, துலிப் மட்டும் இரண்டே நாளில் அவற்றைத் தாண்டித் தலைநீட்டும். ஆகவே கலப்பு அலங்காரத்தில் துலிப்பை மற்றவற்றின் மட்டத்துக்குக் கீழே, கிட்டத்தட்ட மறைந்திருப்பது போல வையுங்கள்.

சேர்க்கக்கூடியவை என்று பார்த்தால், ரனுன்குலஸ், அனிமோன், நீல மஸ்கரி ஆகியவை துலிப்போடு ஒரே பருவத்தில் பூப்பவை, இணக்கமானவை. மொட்டு விட்ட செர்ரி, ஆப்பிள், பேரி மரக்கிளைகள் இரண்டு மூன்றை முதலில் செருகி, அவற்றின் கவைகளுக்கிடையே துலிப்பை நிறுத்தினால், கிளைகளே தாங்குகோலாகவும் அமையும். குறைந்த பூக்களில் நிறைவான தோற்றம் பெற இதைவிடச் சிறந்த வழியில்லை. டாஃபடில் மலரை மட்டும் கவனத்தோடு கையாள வேண்டும். வெட்டிய டாஃபடில் தண்டிலிருந்து வழுவழுப்பான சாறு வடியும். அதிலுள்ள ஆல்கலாய்டுகள் துலிப்புக்கு நஞ்சு, இலைகள் விரைவில் மஞ்சளாகிவிடும். மஞ்சள் டாஃபடிலும் சிவப்புத் துலிப்பும் சேர்ந்த கொத்து வேண்டியே தீரும் என்றால், டாஃபடில்களை வெட்டித் தனி நீரில் ஒரு முழுநாள் வைத்துச் சாற்றை வடியவிட்டு, பிறகு மறுபடி வெட்டாமல் அப்படியே துலிப்போடு சேருங்கள். மறுபடி வெட்டினால் சாறு மறுபடி வடியும்.

பன்னிரண்டு பூக்கள்கூட இல்லை, ஐந்தாறுதான் இருக்கின்றன என்றால், வெவ்வேறு உயரமுள்ள சிறு கண்ணாடிப் புட்டிகளை மேசையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துலிப்பை வையுங்கள். இது மிகப் பழைய வழக்கத்தின் எளிய வடிவம். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், நீலமும் வெள்ளையுமாக மெருகிட்ட சுடுமண்ணில் பல மூக்குகள் கொண்ட மலர்ச்சாடிகள் செய்யப்பட்டன. கோபுரம் போல அடுக்கடுக்காக உயர்ந்தவையும் அவற்றில் உண்டு. மூக்குக்கு ஒரு பூ என்பது அவற்றின் கணக்கு. துலிப் அப்போது அரிய பொருள். அதன் கிழங்குகளின் விலை தாறுமாறாக ஏறி 1637 பிப்ரவரியில் சரிந்த கதை பலரும் அறிந்தது. அரிதான பூவைக் கொத்தாக நெருக்காமல் தனித்தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சாடிகளின் வடிவத்திலேயே தெரிகிறது. அக்கால டச்சு ஓவியங்களில் தீச்சுடர் போன்ற சிவப்புக் கோடுகளோடு வரும் துலிப்கள் உண்மையில் நோயுற்றவை. அசுவினிப் பூச்சிகள் பரப்பும் வைரஸால் அந்தக் கோடுகள் விழுகின்றன என்பதை 1928இல் டோரதி கேலி என்னும் பிரிட்டிஷ் ஆய்வாளர் காட்டினார். இன்று விற்கப்படும் கோடிட்ட துலிப்கள் நோயின்றி, மரபியல்பாகவே கோடு பெற்றவை. புட்டிக்கு ஒன்றாக வைக்க அவையே மிகப் பொருத்தமானவை, ஏனெனில் கொத்தில் நெருக்கினால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து தெரியாமல் போகின்றன.

இதழ்களைக் கையால் விரித்து வைக்கும் உத்தி ஒன்றும் உண்டு. ஓரளவு மலரத் தொடங்கிய துலிப்பை உள்ளங்கையில் சில நொடிகள் குவித்துப் பிடித்து வெதுவெதுப்பாக்குங்கள். பிறகு வெளியிதழின் அடியில் பெருவிரலை வெளிப்புறமாக அண்டக் கொடுத்து, மற்ற விரல்களால் இதழின் மேற்பாதியை மெல்லப் பின்னோக்கி வளையுங்கள். வெளியிதழ்கள் மூன்று, உள்ளிதழ்கள் மூன்று. வெளி மூன்றை மட்டும் வளைத்தாலே போதும். பூ இரட்டிப்பு அகலமாகி, அதுவரை அடியில் மறைந்திருந்த வேற்று நிறத் திட்டும், அதைச் சுற்றி நிற்கும் ஆறு மகரந்தத் தாள்களும், மூன்றாகப் பிளந்த சூலகமுடியும் வெளிப்படும். இறுகிய மொட்டில் இதைச் செய்தால் இதழ் அடியோடு கிழிந்துவிடும். ஒரு கொத்தில் இரண்டு மூன்று பூக்களுக்கு மட்டும் செய்யுங்கள். எல்லாவற்றையும் விரித்துவிட்டால் துலிப் என்பதே மறந்துபோகும். இப்படி விரித்த பூக்கள் மற்றவற்றைவிட ஓரிரு நாள் முன்னதாக உதிரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பராமரிப்பில் தண்ணீருக்கு அடுத்து முக்கியமானது வெப்பம். 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடம் உகந்தது. அறை அதைவிட வெப்பமாக இருந்தால், பகலில் பார்க்கும் இடத்தில் வைத்துவிட்டு இரவில் வீட்டின் மிகக் குளிர்ந்த மூலைக்கு ஜாடியை மாற்றுங்கள். இந்த ஒரு பழக்கத்தாலேயே ஓரிரு நாள் கூடுதலாகக் கிடைக்கும். நேர்வெயில் படும் சாளரம், வெப்பமூட்டி, தொலைக்காட்சியின் மேற்புறம் ஆகியவை வேண்டாம். பழக்கூடையின் அருகிலும் வைக்க வேண்டாம்; பழுக்கும் பழங்கள் வெளிவிடும் எத்திலீன் வாயு, கொத்திலுள்ள மலர்களின் முதுமையை விரைவுபடுத்தக்கூடியது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை முழுவதும் மாற்றி, தண்டை ஒரு செ.மீ. வெட்டி, ஜாடியின் உட்சுவரில் வழுவழுப்பு இருந்தால் தேய்த்துக் கழுவுங்கள். பூக்கள் ஒரே பக்கம் வளையாதிருக்க ஜாடியைத் தினமும் கால்வட்டம் திருப்பி வையுங்கள். திருப்பாமலே விட்டால் எல்லாம் சாளரத்தை நோக்கி ஒருமிக்கச் சாயும். அந்தத் தோற்றத்தை விரும்புவோரும் உண்டு, நானும் சில சமயம் அப்படியே விடுவதுண்டு.

தண்ணீரில் செப்புக்காசு போடுவது, பூவுக்குச் சற்றுக் கீழே தண்டில் ஊசியால் குத்துவது, சர்க்கரை கலப்பது ஆகியவற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காசிலிருந்து தண்ணீரில் கரையும் செம்பு மிகச் சொற்பம்; அதை நம்பித் தண்ணீர் மாற்றாமல் விடுவதே தீங்கு. ஊசியால் குத்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. நீர் ஏறும் தண்டில் தேவையில்லாமல் காயம் உண்டாக்குவதாகவே அதைப் பார்க்கிறேன். சர்க்கரை பாக்டீரியாவுக்கும் உணவு என்பதால், கிருமியைத் தடுக்கும் பொருள் ஏதுமின்றித் தனியே போடக் கூடாது. கடையில் ரோஜா முதலியவற்றோடு தரப்படும் சாதாரண மலர் உணவுப் பொடியும் துலிப்புக்கு அவசியமில்லை. கிழங்குச் செடி மலர்களுக்கென்றே தயாராகும் பொடி கிடைத்தால் பயன்படுத்தலாம். இலை மஞ்சளாவதைத் தாமதப்படுத்தும் ஹார்மோன்கள் அதில் சேர்க்கப்பட்டிருக்கும். அது இல்லாவிட்டாலும் தூய குளிர்நீரே போதுமானது.

வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் அவற்றுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். துலிப்பின் எல்லாப் பகுதிகளிலும், குறிப்பாகக் கிழங்கில், அவற்றுக்கு வாந்தியையும் எச்சில் ஒழுகலையும் உண்டாக்கும் பொருள்கள் உள்ளன. மனிதர்களிலும், நாள் முழுவதும் துலிப்பைக் கையாளும் தொழிலாளர்களுக்கு விரல் நுனிகளில் தோல் வறண்டு வெடிக்கும் ஒவ்வாமை வருவது உண்டு; துலிப்பாலின் என்ற வேதிப்பொருளே காரணம். ஒரு கொத்து அடுக்குவதால் அச்சமில்லை, ஆனால் மென்மையான தோல் உள்ளவர்கள் வேலை முடிந்ததும் கைகழுவிக்கொள்வது நல்லது.

எத்தனை நாள் வரும் என்று கேட்டால், நல்ல மொட்டாக வாங்கி மேலே சொன்னபடி செய்தால் ஐந்து முதல் ஏழு நாட்கள். குளிர்ந்த அறையில் பத்து நாள்வரை. கிழங்கோடு விற்கப்படும் துலிப்பை வேர் மட்டும் நீரில் படும்படி கண்ணாடிக் குவளையில் வைத்தால் இன்னும் சில நாள் கூடும். கிழங்கு நீரில் அமிழ்ந்தால் அழுகிவிடும். கடைசி நாட்களில் இதழ்கள் தட்டையாக விரிந்து, தண்டுகள் நீண்டு ஜாடிக்கு வெளியே வளைந்து தொங்கத் தொடங்கும்போது, பலர் அத்தோடு எறிந்துவிடுகிறார்கள். அப்போது தண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக வெட்டி, தாழ்ந்த கிண்ணத்தில் பூக்களின் தலைகள் விளிம்பில் சாய்ந்திருக்கும்படி நெருக்கமாக அடுக்கினால், மேலும் ஒரு நாளோ இரண்டு நாளோ நன்றாகவே இருக்கும். கிண்ணத்துக்கு அடியில் ஒரு தட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இதழ்கள் இப்போது எந்த நேரமும் உதிரும். கருநிற மகரந்தத்தூள் மேசைத்துணியில் பட்டால் ஈரத்துணியால் தேய்க்காமல், ஒட்டுநாடாவை அதன்மேல் ஒற்றி எடுத்தால் கறை படியாது.